ஊசிக்கு எதற்கு வீட்டு நம்பர்?

அத்தியாயம் 9

ஆயம்மாளின் ஆதார் கார்டு இன்னும் கிடைக்கவில்லை.

அரிசி டின்னுக்குள், சாமி படத்துக்குப் பின்னால், மடித்து வைத்த கம்பளிக்கு நடுவில் என்று ராஜகுமாரி தேடாத இடமில்லை. ஒரு வாரமாக இதே வேலை. எடுத்து ஒளித்து வைத்தது அப்பா மூக்கன்தான். அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் கேட்டால், "எந்தக் கார்டு?" என்பார்.

மணி ஏழரை. பத்து மணிக்குப் புள்ளைக் காம்பராவில், அதாவது எஸ்டேட் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கட்டடத்தில், தடுப்பூசி கேம்ப். ஒரு மணிக்கு ஜீப் அடுத்த எஸ்டேட்டுக்குப் போய்விடும். அதற்கப்புறம் எப்போது வரும் என்று நர்ஸுக்கே தெரியாது.

"அப்பா, கார்டு இல்லாட்டி அம்மாவுக்கு ஊசி போட மாட்டாங்க."

"போடக் கூடாதுன்னு தானே எடுத்து..." மூக்கன் நாக்கைக் கடித்துக்கொண்டார். "எந்தக் கார்டு?"

அடுப்படியில் ஆயம்மாள் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கிற வரைக்கும் அப்பாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஜனவரியிலும் இந்த இருமலில்தான் ஆரம்பித்தது. பதினொரு நாள் ஆஸ்பத்திரி. அதில் ஆறு நாள் மூக்கில் ஆக்சிஜன் குழாய். வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் ராஜகுமாரியை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். "இன்னொரு தடவை நிமோனியா வந்தா உங்கம்மா நெஞ்சு தாங்குமான்னு சொல்ல முடியாதும்மா. தடுப்பூசி போட்டா வரவே வராதுன்னு நான் சொல்லலை. வந்தாலும் இந்த அளவுக்குப் போகாது. மழைக்கு முன்னாடி போட்டுடுங்க."

இப்போது மே மாதக் கடைசி. இன்னும் பத்து நாளில் மழை பிடித்துவிடும். பந்தலூர்ப் பக்கம் மழை பிடித்தால் லயத்தில், எஸ்டேட் கட்டிக்கொடுத்த அந்த வரிசை வீடுகளில், சுவரிலேயே தண்ணீர் கசியும்.

"ஏ புள்ள" என்றார் மூக்கன், திடீரென்று மனைவியிடம். "கட்டவெரல்ல என்னா நீலம்?"

ஆயம்மாள் தேத்தண்ணிக் குவளையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினாள்.

"சொட்டு நீலம். வெள்ளைத் துணி அலசுனேன்."

"ம்" என்றார் மூக்கன். குரங்குக் குல்லாவைக் காதுவரை இழுத்து விட்டுக்கொண்டு வெளியே போனார்.

ராஜகுமாரி அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

அது சொட்டு நீலம் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

*

மூங்கிலடி எஸ்டேட்டில் அறுபது வயது தாண்டியவர்கள் முப்பத்து நான்கு பேர். சுகாதாரத் தன்னார்வலராக இருக்கும் ராஜகுமாரி ஒரு வாரமாக அந்த முப்பத்து நான்கு பேர் வீட்டுக்கும் பட்டியலோடு அலைந்தாள். பெயர், வயது, வீட்டு நம்பர், கடைசியில் கையெழுத்துக்கு ஒரு கட்டம்.

முதல் நாளே அப்பா பட்டியலை வாங்கிப் பார்த்தார். அவருக்குத் தன் பெயரைத் தவிர வேறெதுவும் வாசிக்கத் தெரியாது. ஆனால் எண்கள் தெரியும்.

"ஊசி போடுறது கையில. வீட்டு நம்பர் எதுக்கு?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்வி அவளுக்கு முன்னால் ஒவ்வொரு லயத்து வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. கதவைத் தட்டினால் உள்ளே ரேடியோ நின்றுபோகும். ஒருவர் விறகுக்குப் போயிருப்பார். ஒருவர் மகள் ஊருக்குப் போயிருப்பார். போனவரின் செருப்பு மட்டும் வாசலில் கிடக்கும்.

அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று இரண்டு வருடமாகவே பேச்சு இருக்கிறது. மூக்கன் ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது. ராஜகுமாரிக்கு எஸ்டேட்டில் நிரந்தரத் தொழிலாளியாக இன்னும் பேர் பதியவில்லை. ஆள் குறையும் நாளில் மட்டும் கூப்பிடுவார்கள். இப்போது இருக்கும் ஒன்பதாம் நம்பர் வீடு போனால் அவர்களுக்கு வேறு கூரை இல்லை. இந்த நேரத்தில் அறுபது தாண்டியவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து ஒரு பட்டியல் போட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

மூக்கனுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது.

"பேரை வாசிப்பாங்க. ஊசி போடுவாங்க. கப்பல்ல ஏத்துவாங்க."

அவர் கடலுக்கு அந்தப் பக்கம், மஸ்கெலியாவில் பிறந்தவர். அவருடைய அப்பா ரேஷன் அரிசிக் கூப்பனுக்கு என்று நினைத்து ஒரு தாளில் கைநாட்டு வைத்தார். அது இந்தியாவுக்குப் போக விருப்பம் என்று எழுதியிருந்த தாள். கல்யாணமாகி வேறு குடும்பத் தாளில் இருந்த அக்கா வீரம்மா அங்கேயே நின்றுபோனாள். தலைமன்னார்த் துறையில் ஒருவன் பட்டியலை வாசித்தான். ஒருவன் ஊசி போட்டான். இருபத்தைந்து வயது மூக்கன் புதுப் பெண்டாட்டி ஆயம்மாளோடு கப்பலில் ஏறினார்.

அதற்குப் பிறகு அவர் எந்தத் தாளிலும் கட்டைவிரலை வைக்கவில்லை. நாற்பதை நெருங்கும் வயதில், மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது, அவளுடைய சிலேட்டில் தன் பெயரை மட்டும் எழுதிப் பழகினார்.

ஒரு வாரம் அலைந்ததற்கு ராஜகுமாரிக்குக் கிடைத்தது மூன்றே மூன்று ஒப்புதல். இருபதாம் நம்பர் ஜானகியம்மாள். பதினேழாம் நம்பர் கந்தன். மூன்றாவது, அப்பா பீடி வாங்கப் போன நேரத்தில், "நீ ஒருத்தி எத்தனை நாளைக்குத்தான் அலைவே, கொண்டா இங்க" என்று மை டப்பாவில் விரலை அழுத்திய ஆயம்மாள்.

அந்தத் தாளை முந்தாநாள் ஆபீஸில் கொடுத்தாயிற்று.

*

பத்தே முக்கால். புள்ளைக் காம்பராவில் நர்ஸ் விஜயா மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஐஸ் பெட்டி. எதிரே இருபது நாற்காலி. இருபதும் காலி.

"ஏனுங்க ராஜகுமாரி, ஒருத்தரையும் காணமுங்களே?" என்றார் விஜயா. அரவேணு ஊர்க்காரர். யாரைக் கண்டாலும் 'ங்க' போடாமல் பேச வராது. "நேத்தே தப்பு அடிச்சுச் சொல்லச் சொன்னனுங்களே."

"சொன்னோம் சிஸ்டர். வந்தும் இருக்காங்க."

"எங்கீங்க?"

ராஜகுமாரி ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள்.

எதிர் மேட்டில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே, பதிமூன்று தலைகள் தெரிந்தன. கம்பளி போர்த்திய தலை, துண்டு கட்டிய தலை, நடுவில் ஒரு குரங்குக் குல்லா. எல்லாம் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன. விஜயா எழுந்து ஜன்னலுக்கு வந்ததும் பதிமூன்றும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டன.

"என்ன பண்றாங்க அங்க?"

"கேட்டா, ஆனை நிக்குதான்னு பாக்க வந்தோம்னு சொல்லுவாங்க."

விஜயாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. போன மழையில் இதே டிவிஷனில் மூன்று பெரியவர்கள் நெஞ்சுச் சளியில் இறந்துபோனார்கள். அவர் நோட்டில் அந்தப் பெயர்கள் இருக்கின்றன.

அப்போதுதான் ஆபீஸ் கிளார்க் லிங்கசாமியின் பைக் வந்து நின்றது. கையில் ஒரு ஃபைல், சட்டைப் பையில் மை டப்பா. யாரும் கேட்காமலே மேசையின் ஓரத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஊசி போடுறதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் ஒரு கையெழுத்து வாங்கிடலாம் சிஸ்டர். ஆபீஸ் ரெக்கார்டுக்கு."

"என்ன ரெக்கார்டுங்க?"

"அதே லிஸ்ட்தான். நீங்க கேட்டீங்கல்ல, பேரு, வயசு, வீட்டு நம்பரு..."

"நான் பேரும் வயசும்தானுங்க கேட்டேன்" என்றார் விஜயா. "வீட்டு நம்பர் கேக்கவே இல்லைங்களே."

ராஜகுமாரி லிங்கசாமியின் பக்கம் திரும்பினாள். போன வாரம் அவள் நோட்டில் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தபோது, "கையால எழுதி எதுக்கும்மா கஷ்டப்படுறே, நான் டைப் அடிச்சுத் தாரேன்" என்று வாங்கிப் போனவர் இந்த லிங்கசாமிதான். எவ்வளவு நல்ல மனிதர் என்று அன்றைக்கு அவள் நினைத்தாள்.

"அந்தத் தாளைக் கொஞ்சம் குடுங்க சார்."

"உனக்கு எதுக்கும்மா? நீதானே வீடு வீடாக் கொண்டுபோனே?"

"அதனாலதான் கேக்குறேன்."

லிங்கசாமி சிரித்துக்கொண்டே ஃபைலை மடியில் வைத்துக்கொண்டார். விஜயா கையை நீட்டினார். நீட்டிய கையை எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் தாள் கை மாறியது.

பட்டியலுக்குக் கீழே, அடிக்குறிப்பு மாதிரி, இங்கிலீஷில் இரண்டு வரி பொடியாக இருந்தது. எட்டாவதோடு நின்ற ராஜகுமாரி அதை அன்றைக்கே பார்த்திருந்தாள். கம்பெனி அட்ரஸ் என்று நினைத்துக்கொண்டாள்.

விஜயா வாசித்தார். ஒருமுறை மனதுக்குள். அப்புறம் தமிழில், சத்தமாக.

"'மேலே கையெழுத்திட்ட நாங்கள் ஓய்வு பெற்ற பிறகும் கம்பெனி வீட்டில் தங்கியிருக்கிறோம். கம்பெனி கேட்கும் நாளில் காலி செய்து தரச் சம்மதிக்கிறோம்.'"

உள்ளறையில் ஏதோ ஒரு குழந்தை தூக்கத்தில் சிணுங்கியது.

"இது சும்மா பார்மாலிட்டிங்க" என்றார் லிங்கசாமி.

"ஊசி போடற எடத்துல இந்த பார்மாலிட்டி வேண்டாமுங்க." விஜயாவின் குரல் உயரவே இல்லை. "நீங்க எந்திரிச்சுப் போனீங்கன்னா நான் என் வேலையப் பாப்பேன். போகலீன்னா, பெட்டியத் தூக்கிட்டு நேரா எங்க டாக்டர்கிட்டப் போயி, ஏன் போடலைன்னு எழுதிக் குடுத்துருவேனுங்க. எதுன்னு நீங்களே சொல்லுங்க."

லிங்கசாமி தாளைத் திரும்ப வாங்கி வைத்து ஃபைலை மூடினார். பைக்கில் ஏறும்போது ராஜகுமாரியைப் பார்த்து, "மூணு பேரு ஏற்கெனவே வச்சிட்டாங்கம்மா. ரொம்ப தேங்க்ஸ்" என்றார்.

*

மேட்டிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு மட்டும் கேட்கவில்லை.

"மூக்கண்ணே, லிங்கசாமி போறான்" என்றார் தங்கவேலு. மூக்கனோடு முப்பது வருடம் கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தேயிலைச் செடி வெட்டியவர்.

"போவான். போயி லாரியக் கூட்டியாருவான்."

"லாரி எதுக்கு?"

"நம்மள ஏத்தத்தான்."

"நம்மள ஏத்துறதுக்கு லாரி வேணுமா? தூக்கி ஜீப்புல போட்டாப் போதுமே. எல்லாம் எலும்புதானே."

ராஜகுமாரி மேட்டில் ஏறி வந்தாள். மூச்சு வாங்கியது. பதிமூன்று பேரும் மேலே மரத்தைப் பார்த்தார்கள்.

"ஆனை இல்ல" என்றாள் அவள். "அப்பா, நீங்க சொன்னது நெசம்."

மூக்கன் திரும்பினார். மகள் இந்த வார்த்தையைச் சொல்லி அவர் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று அவருக்கே நினைவில்லை.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். இங்கிலீஷ் வரிகளைச் சொன்னாள். லிங்கசாமி டைப் அடித்துக் கொடுத்ததைச் சொன்னாள். தான் வாசிக்காமல் கொண்டு போனதைச் சொன்னாள். மூன்று பேர் கைநாட்டு வைத்த தாள் ஆபீஸ் வசம் இருப்பதையும் சொன்னாள்.

அந்த மூன்று பேர் யார் என்று மட்டும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. அந்த நேரத்தில் யாரும் கேட்கவில்லை.

"தாளு கெட்ட தாளு. ஆனா ஊசி கெட்டது இல்லப்பா. ரெண்டையும் ஒண்ணாக் கட்டினது அந்தாளு. சிஸ்டர் வெறும் பேரும் வயசும்தான் கேட்டாங்க."

"அந்தம்மாவும் கம்பெனி ஆளா இருந்தா?" என்றார் தங்கவேலு.

"அப்ப வந்து பாருங்க. நிறுவை பாத்த மாதிரிப் பாருங்க."

மூக்கன் குல்லாவைச் சரி செய்துகொண்டார்.

நிறுவை என்றால் மூங்கிலடியில் எல்லாருக்கும் தெரியும். கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை முள்ளைச் சரியாக வாசிக்கிறாரா என்று பார்க்கத் தொழிலாளர்கள் தங்களில் ஒருவரைத் தராசுக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். இருபது வருடம் அங்கே நின்றவர் மூக்கன். கவ்வாத்து வேலை மதியமே முடிந்துவிடும். சாயங்கால நிறுவைக்கு வந்து நிற்பார். அவர் "சரி" என்று சொன்னால்தான் பெண்கள் சாக்கைத் தூக்குவார்கள். ஒருமுறை அரைக் கிலோவுக்காக ஒரு மணி நேரம் "சரி" சொல்லாமல் நின்றிருக்கிறார்.

*

புள்ளைக் காம்பராவிலும் அவர் வந்து நின்றது அதே மாதிரிதான். மேசைக்கு இரண்டடி தள்ளி, இடது பக்கம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. அவர் பின்னாலேயே மேட்டிலிருந்து இறங்கி வந்தவர்கள் வாசலில் நின்றார்கள்.

"அந்தப் பொட்டியத் தொறங்கம்மா."

விஜயா ஐஸ் பெட்டியைத் திறந்தார்.

"மருந்தைக் காட்டுங்க. தேதி எங்க இருக்கு?"

காட்டினார். மாதம் எண்ணில் இல்லை, இங்கிலீஷ் எழுத்தில் இருந்தது. மூக்கன் மகளை வாசிக்கச் சொன்னார். அப்புறம் அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, தங்கவேலுவைத் தனியாகக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். இரண்டு பேர் சொன்ன தேதியும் ஒன்றாக இருந்தது.

"ஊசி புதுசா?"

"ஒருத்தருக்கு ஒண்ணுங்கய்யா. உங்க கண்ணு முன்னாடிதான் கவரைப் பிரிப்பேன்."

"போட்டா என்னா ஆகும்? உள்ளதச் சொல்லுங்க."

"கை வலிக்குமுங்க. சில பேருக்குக் காச்சல் அடிக்கும், ரெண்டு நாள்ல உட்டுருமுங்க. போட்டதும் அரை மணி நேரம் இங்கயே உக்காரணும். ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொல்ல மாட்டேன். மழையில படுத்துக் கிடக்கறதுக்கு இது பரவாயில்லைங்க."

கடைசி வாக்கியம் மூக்கனுக்குப் பிடித்திருந்தது. ஒன்றும் ஆகாது என்று சொல்கிறவர்களை அவர் நம்புவதில்லை.

"தாளு?"

விஜயா தன் நோட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்து, கோடு போட்டார். பெயர், வயது. அவ்வளவுதான். மூக்கன் அதைத் திருப்பி முதுகுப் பக்கம் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"வயசுக்கு மட்டும் ஏதாவது ஒரு கார்டு வேணுமுங்க" என்றார் விஜயா.

மூக்கன் வாசல் பக்கம் பார்த்தார். ஆயம்மாள் வந்து நின்றிருந்தாள். யாரும் கூப்பிடாமலே நல்ல சேலை கட்டி, தலை சீவி வந்திருந்தாள்.

மூக்கன் குரங்குக் குல்லாவைக் கழற்றினார். உள்ளே, வழுக்கைத் தலையோடு ஒட்டி, ஆயம்மாளின் ஆதார் கார்டு இருந்தது.

"அடப்பாவி மனுசா!" என்றாள் ஆயம்மாள். "ஒரு வாரமா இதைத் தலையில வச்சிக்கிட்டா தூங்குனே? ஏன் குளிக்கவே இல்லைன்னு நானும் பாத்தேன்."

காம்பரா முழுக்கச் சிரித்தது. விஜயாவும் இந்த முறை சிரித்துவிட்டார்.

ஊசி ஏறும்போது ஆயம்மாள் கண்ணை மூடவில்லை. மூக்கன் சிரிஞ்சின் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், தராசு முள்ளைப் பார்த்த அதே கண்ணால். முழுதும் இறங்கியதும் சொன்னார்.

"சரி."

வாசலில் நின்ற தலைகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. பன்னிரண்டே முக்காலுக்குள் பத்துப் பேர். மற்றவர்கள் கடைசிவரை மேட்டிலேயே நின்றார்கள். அவர்களுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. பெட்டியை மூடப் போன விஜயா, மூக்கனைப் பார்த்தார்.

"உங்களுக்கு வேண்டாமுங்களாய்யா?"

மூக்கன் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே ஆபீஸ் இருக்கும் திசையைப் பார்த்தார். பிறகு ஸ்வெட்டரிலிருந்து ஒரு கையை உருவினார்.

"போடுங்க. அன்னைக்குப் பேரை வாசிச்சப்ப எனக்கு இருபத்தஞ்சு வயசு. ஒண்ணும் பேசாம ஏறிட்டேன். இந்தத் தடவை வாசிச்சா, எழுந்து நின்னு பேசுறதுக்கு நெஞ்சுல காத்து இருக்கணும்."

தாளில் கடைசியாக, எழுத்தெழுத்தாக, தன் பெயரை எழுதினார்.

*

இரண்டு மணிக்கு மூவரும் லயத்துக்குத் திரும்பினார்கள். ஆயம்மாள் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். கை வலிக்கிறதாம். ஆனால் ஜனவரியில் குத்திய ஊசிகளுக்கு இது கொசுக்கடியாம்.

ராஜகுமாரிதான் முதலில் பார்த்தாள். நடை தானாக நின்றது.

இருபதாம் நம்பர் கதவில், நம்பரைச் சுற்றிச் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு வட்டம். பதினேழாம் நம்பர் கதவில் ஒரு வட்டம். நடுவிலிருந்த கதவுகளில் எதுவும் இல்லை.

அவர்கள் வீட்டுக் கதவில் இருந்த வட்டம் இன்னும் காயவில்லை. அடியிலிருந்து ஒரு சொட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

மூக்கன் கதவைப் பார்த்தார். வந்த வழியே திரும்பி மற்ற இரண்டு கதவுகளையும் பார்த்தார். விரலை மடக்கினார். மூன்று.

அவர் சத்தம் போடுவார் என்று ராஜகுமாரி காத்திருந்தாள். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூக்கன் மனைவியின் பக்கம் மெல்லத் திரும்பினார். ஆயம்மாளின் வலது கை அதற்குள் சேலை முந்தானைக்குள் போயிருந்தது.

"ஆயம்மா" என்றார் அவர். "நம்ம வீட்டுல வெள்ளைத் துணி எங்க இருக்கு?"